தலைவர் அண்ணன் தண்ணீர்

1

போன மாதம் ஒரு மரச்சுத்தியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து அழுதேன். என் மனைவி மல்லிகா பயந்துபோனாள். என் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "பதவி போனதுக்கா இவ்ளோ அழுகை?" என்று கேட்டாள். பதவியாவது மண்ணாங்கட்டியாவது! நான் அழுதது என் தம்பி சேகருக்காக. அவன் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றுதான் சரியாக அழ வந்தது.

மரச்சுத்தி எது, தம்பி யார் என்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இங்கே இருப்பவர்களுக்கு ஆம்பூர் என்றால் எங்கே என்று விளக்கவே அரை நாள் ஆகும்.

நான் இருப்பது போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனியில். வாலிப வயதில் கணக்கு வேலைக்கு வந்தவன், இங்கேயே தங்கி, இந்த நாட்டுக் குடிமகனும் ஆகி, கடைசியில் மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்யும் ஒழுங்குமுறை அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டேன். கட்டணத்தை ஏற்றினால் ஜனங்கள் திட்டுவார்கள். ஏற்றாவிட்டால் கம்பெனிக்காரன் திட்டுவான். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினால் வேலையை ஒழுங்காகச் செய்கிறோம் என்று அர்த்தம்.

எங்களைப் போலவே சுற்றியுள்ள நாடுகளிலும் இப்படி அலுவலகங்கள் உண்டு. எல்லாரும் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டு மின்சாரம் இன்னொரு நாட்டுக்குப் போனால் கம்பிக்கு யார் பொறுப்பு, தண்ணீர் அளக்கும் முறை எல்லா நாட்டிலும் ஒன்றாக இருக்கவேண்டுமா என்றெல்லாம் பேசுவோம். தலைமை இரண்டு வருஷத்துக்கு ஒரு நாடாகச் சுற்றி வரும். எங்கள் முறை வந்தபோது என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

2

தலைவர் என்றதும் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மாலை, வெடி, நாலு கார். இந்த மன்றத்தின் தலைவருக்கு ஒரு பல்பை மாற்றச் சொல்லும் அதிகாரம்கூடக் கிடையாது. நடுவில் உட்கார வேண்டும், பேசுகிறவர்களுக்கு முறை கொடுக்க வேண்டும், யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இதற்கு அடையாளமாக ஒரு மரச்சுத்தி தருவார்கள்.

முதல் கூட்டத்திலேயே இரண்டு நாட்டுக்காரர்களுக்குள் மின்கம்பி பராமரிப்பைப் பற்றிச் சண்டை. ஒருவர் போர்ச்சுக்கீசில் கத்துகிறார், மற்றவர் ஆங்கிலத்தில் கத்துகிறார். சுத்தியைத் தட்டினேன். யார் கேட்டார்கள்? எனக்கு வந்த எரிச்சலில் மைக்கைப் பிடித்து, "யோவ், இருங்கய்யா! ஒருத்தர் ஒருத்தரா பேசித் தொலைங்க!" என்று விட்டேன் ஒரு சத்தம். சுத்தமான ஆம்பூர்த் தமிழ். ஹெட்போனில் மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் குரல் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவர் தயங்கித் தயங்கி, "தலைவர் ஏதோ முக்கியமாகச் சொல்கிறார்" என்று சொல்லி முடித்தார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சண்டையும் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கே வாக்குவாதம் முற்றினாலும், "தலைவரே, அதை இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்பார்கள்.

இதைச் சேகரிடம் போனில் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சுத்தியின் படத்தையும் அனுப்பியிருந்தேன்.

"இன்னாண்ணா இது, நம்ம யூனிட்ல தோல் மடிப்பு தட்ற சுத்தி மாதிரி இருக்குது! தலைவராயி எங்க வேலைக்கே வந்துட்டியா?"

அவனுக்கு அப்போது சொந்தமாக ஒரு சின்ன யூனிட் இருந்தது. பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் தோலை வாங்கி, ஷூவின் மேல் பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். ஆம்பூரிலிருந்து மாதனூர் போகும் வழியில் ஒரு புதுத் தெருவில் வீடு கட்டி, வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட் போட்டிருந்தான். எப்போது போன் செய்தாலும் அவன் குரலோடு சேர்ந்து தையல் மெஷின்களின் இரைச்சல் வரும். "சத்தமா பேசுண்ணா, கேக்கல" என்பான். நான் இங்கே கத்துவேன். பக்கத்து அறையில் இருக்கும் என் காரியதரிசி மொகாடி அம்மா, இந்தியாவில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவார்.

நான் தலைவரான செய்தி போன மறுவாரமே தெரு முனையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். என் படம் ஆளுயரத்துக்கு. பின்னால் ஒரு அணைக்கட்டு, மின்கோபுரம், எதற்கென்றே தெரியாமல் ஒரு சிங்கம். 'பல நாடுகளின் மின்சாரம் மற்றும் தண்ணீர்த் தலைவர், எங்கள் தெருவின் பெருமை, தலைவர் அண்ணன் அவர்களை வாழ்த்துகிறோம்.' அதைப் பார்த்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எடுத்துடுடா, தப்பா நினைப்பாங்க" என்றேன்.

"யாரு தப்பா நினைக்கறது? எங்கண்ணன், நான் வெப்பேன்" என்றான்.

படத்தை என் மகள் அனிதாவுக்கு அனுப்பினேன். இங்கேயே பிறந்தவள், கேப்டவுனில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தமிழில் மிச்சமிருப்பது 'அப்பா', 'போதும்' இரண்டு வார்த்தைகள்தான். "ஏன் சித்தப்பா உங்களைத் தேர்தலில் நிறுத்துகிறார்?" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டிருந்தாள்.

3

அந்த ஃப்ளெக்ஸைத் தெருவில் எல்லாரும் படித்தார்கள். படித்ததை நம்பவும் செய்தார்கள். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

அந்தத் தெருவில் குழாய் கிடையாது. குடிநீர்க் குழாய் பக்கத்துத் தெரு வரை வந்து நின்றுவிட்டது. போர் போட்டால் உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, துணி நுரைக்காது, வாயில் வைக்கவே முடியாது. பெண்கள் முக்கால்வாசிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். விடிந்தால் கம்பெனி பஸ் வந்து ஆரன் அடிக்கும். அதற்குள் அடுத்த தெருவுக்குப் போய், அங்கே இருப்பவர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, குடத்தில் தண்ணீர் கொண்டு வரவேண்டும். எதிர் வீட்டு ஜுபைதாக்காவின் பெண்கள் இரண்டு பேரும் அப்படித்தான் தண்ணீர் தூக்கிவிட்டு, தலைகூட வாராமல் பஸ் ஏறுவார்கள் என்று சேகர் சொல்லியிருக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். அன்று மெஷின் சத்தம் இல்லை. ஷெட்டுக்கு லீவு.

"அண்ணா, தெருவுல எல்லாரும் வந்து கேக்கறாங்க. குழாய் விஷயமா நீ ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்ன்றாங்க. மெட்ராஸ்ல பெரிய அதிகாரி யாருக்காச்சும் ஒரு போன் போடேன். நான் இந்த மாதிரி மன்றத்துக்குத் தலைவர் பேசறேன்னு சொல்லு, போதும்."

"டேய், அங்க என்னை எவனுக்குத் தெரியும்?"

"தெரியலன்னா தெரியற மாதிரி சொல்லு."

"அதுக்கில்லடா. தெரிஞ்சாலும் நான் பேசக் கூடாது."

விளக்கினேன். எங்கள் வேலையில் முதல் பாடமே இதுதான். சொந்தக்காரன் விஷயம் வந்தால் அறையை விட்டு எழுந்து போய்விட வேண்டும். யாருக்காகவும் யாரிடமும் தனியாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எது செய்தாலும் காரணத்தோடு பத்திரிகையில் போட்டு, ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மன்றத்தில் புதிதாக வரும் உறுப்பினர்களுக்கு இதைப் பாடமாக நடத்துகிறவனே நான்தான். அடுத்தவன் வரிசையில் நிற்கும்போது நான் போன் போட்டு என் தம்பி தெருவுக்குத் தண்ணீர் வாங்கினால், பிறகு அந்தச் சுத்தியை எந்தக் கையால் தட்டுவேன்?

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "சரிண்ணா. வுடு. உனக்கு பேஜாரு வேணாம்" என்றான்.

"கோவமாடா?"

"சேச்சே, இன்னாண்ணா நீ. உன் வேலை உனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு குழாயைப் பற்றி அவன் வாயைத் திறக்கவே இல்லை. இன்று அவன் வந்து கேட்டாலும் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

4

அடுத்த சில மாதங்களில் இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டையும் நான் கவனித்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒன்று, வீடியோவில் பேசும்போது அக்கம்பக்கத்தார் யாராவது குறுக்கே வந்து கும்பிடுவார்கள். ஜுபைதாக்கா ஒரு நாள் போனையே வாங்கிக்கொண்டு, "அல்லா உங்களுக்கு ஒரு குறையும் வெக்க மாட்டாருண்ணா. எம் பொண்ணுங்க இப்ப தலை வாரிப் பூ வெச்சுகினு வேலைக்குப் போகுதுங்க" என்றார். எதற்கு இதை என்னிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். சேகர் அவசரமாகப் போனை வாங்கி, "அக்காவுக்கு உன் மேல மரியாதை ஜாஸ்திண்ணா" என்று சிரித்தான்.

இரண்டு, மெஷின் சத்தம் குறைந்தது. முன்பெல்லாம் கத்திப் பேசினால்தான் கேட்கும். பிறகு சாதாரணமாகப் பேசினாலே கேட்டது. கடைசியில் ஒரே ஒரு மெஷின் ஓடுவது தனியாகக் கேட்டது. "என்னடா, அமைதியா இருக்கு?" என்றால், "ஆர்டர் கம்மிண்ணா, எல்லா எடத்துலயும் அப்படித்தான்" என்பான். வெளிநாட்டில் ஷூ விற்கவில்லை என்று நானும் பேப்பரில் படித்திருந்தேன். நம்பிவிட்டேன்.

மன்றத்தின் அரையாண்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது நானே போட்ட விதி. டீ இடைவேளையில் திறந்தால் விஜயாவிடமிருந்து வரிசையாக அழைப்புகள். விஜயா சேகரின் மனைவி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். வேலூருக்குக் கொண்டு போகும் வழியில், பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. மூன்று விமானம் மாற வேண்டிய தூரத்தில் இருப்பவனுக்காக எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள்? சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் நிற்கும் வரிசையில் என்னை நிற்க வைத்தார்கள். வந்த காரணம் என்ன என்று கேட்கும் அட்டையில், 'உறவினரைப் பார்க்க' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பார்க்க வேண்டிய உறவினரை மண்ணுக்குள் வைத்தாகிவிட்டது. அதற்கு அந்த அட்டையில் கட்டம் இல்லை.

திரும்பி வந்தபோது அனிதா போன் செய்தாள். துக்கம் விசாரிக்கிற குரலில், ஆங்கிலத்தில், "நீங்கள் இரண்டு பேரும் நெருக்கமா அப்பா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. அவள் சேகரைப் பார்த்ததே மூன்று தடவையோ நாலு தடவையோதான். நான் 'ஆமாம்' என்று மட்டும் சொன்னேன்.

5

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் போனேன். தெரு முனையில் அதே இடத்தில் ஃப்ளெக்ஸ். இந்தத் தடவை சேகர் படம். நல்ல வேளை, சிங்கம் இல்லை.

படையல் போட்டு, கும்பிட்டு, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பாட்டில் எனக்கு முதல் வாயிலேயே உப்புத் தெரிந்தது. சமைத்தவர்கள் மேல் தப்பில்லை, அது போர் தண்ணீர். ஜுபைதாக்கா வந்து என் எதிரில் கீழே உட்கார்ந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சேகரு போச்சு, சரி, அது அல்லா எழுத்து. நீங்க இருக்கீங்களேண்ணா. எங்களுக்கு அனுப்பிகினு இருந்த தண்ணி லாரிய ஏன் நிறுத்திட்டீங்க? எங்க மேல இன்னா கோவம்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த லாரி, எந்தத் தண்ணீர்? சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் விஜயா குறுக்கே வந்துவிட்டாள்.

"மாமா பேசிகினுதான் இருக்காருக்கா. மேல ஆளு மாறிட்டாங்களாம். வரும். நீ சாப்புடு."

கையில் குழம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள். நான் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன்.

எல்லாரும் போன பிறகு பின்பக்கம் ஷெட்டுக்குக் கூட்டிப் போனாள். கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு மெஷின்கூட இல்லை. மெஷின் இருந்த இடங்களில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. மூலையில் மடிப்பு தட்டுகிற சுத்திகள் ஒரு டப்பாவில் கிடந்தன.

"நீங்க முடியாதுன்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி அவரு சாப்புடல மாமா. தெருவுல எல்லாரும் இன்னா ஆச்சு, அண்ணன் இன்னா சொன்னாருன்னு கேட்டுகினே இருந்தாங்க. எங்கண்ணன் மாட்டேன்னுட்டாருன்னு சொல்ல எனக்கு வாய் வரல விஜயான்னாரு. அடுத்த நாளு, அண்ணன் பேசிட்டாரு, குழாய் வர்ற வரைக்கும் லாரி வரும்னு தெருவுல எல்லார்கிட்டயும் இவரே சொல்லிட்டாரு. அவரே மாதனூர்ல ஒரு லாரிக்காரரைப் பாத்து ஏற்பாடு பண்ணாரு. கம்பெனி பஸ் வர்றதுக்கு முன்னாடி வந்துடணும்னு கண்டிஷன். எல்லாரும் அதுக்கு 'தலைவர் அண்ணன் தண்ணி'ன்னே பேரு வெச்சுட்டாங்க."

"மெஷினெல்லாம்?"

"ஒண்ணொண்ணா போச்சு. அவரு போனப்புறம், மிச்சம் இருந்த ஒண்ணையும் வித்து நான் கொஞ்ச நாள் லாரிக்குக் குடுத்தேன். அப்புறம் என்னால முடியல மாமா."

அந்த ஒற்றை மெஷின் சத்தம் எனக்கு நினைவுக்கு வந்தது. முட்டாள்! கேட்டிருக்கலாமே, என்னிடம் கேட்டிருந்தால் லாரிக்கு நானே அனுப்பியிருக்க மாட்டேனா? ஆனால் அவனுக்கு என் காசு வேண்டியிருக்கவில்லை. அண்ணன் சொல்லி நடந்தது என்று ஊர் சொல்ல வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது.

"இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அது என் தண்ணி இல்லைன்னு" என்றேன்.

விஜயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தியாள் முறைகூட இல்லை, தம்பி மனைவி. இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டதே இல்லை.

"வேணாம் மாமா. அவரு உயிரோட இருந்த வரைக்கும் கட்டிக் காப்பாத்துன பேரு. செத்தப்புறம் அவரு பொய் சொன்னாருன்னு ஆய்டக் கூடாது."

6

மறுநாளே மாதனூர் போய் லாரிக்காரரைப் பார்த்துப் பணம் கட்டினேன். அடுத்த நாள் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் லாரி வந்துவிட்டது. குடத்தோடு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி என் காலைத் தொடக் குனிந்தாள், நான் பின்னால் நகர்ந்தேன். ஜுபைதாக்கா நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"சேகரு எப்பவும் சொல்லும்ணா. எங்கண்ணன் சொன்னா சொன்னதுதான், நடக்கும்னு. இருந்து இதைப் பாத்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருக்கும் பாவம்."

வாசலில் விஜயா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? தம்பியின் தண்ணீருக்குக் கிடைத்த ஆசீர்வாதத்தை எல்லாம், திருடனைப் போல, நான் நின்று வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும் முன்பு குழாய்க்காக நானும் ஒரு மனு கொடுத்தேன். பதவியைச் சொல்லவில்லை, எல்லாரையும் போல வரிசையில் நின்றேன். "வரும் சார்" என்றார்கள். இன்னும் வரவில்லை. லாரி மட்டும் இன்றுவரை தவறாமல் போகிறது.

போன மாதம் மன்றத்தின் ஆண்டுக் கூட்டம். தலைமை அடுத்த நாட்டுக்குப் போகும் நாள். என்னைப் பற்றிப் பேசினார்கள். சிபாரிசுக்கு இடம் கொடுக்காத தலைவர், சொந்தம் பந்தம் பார்க்காதவர் என்று புகழ்ந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் அம்மா அதைப் போர்ச்சுக்கீசில் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, அந்தப் பக்கம் கைதட்டல் அதிகமாக இருந்தது. நான் சுத்தியைக் கொடுத்தேன். இந்த நாட்டில் எந்த நிகழ்ச்சி முடிந்தாலும் எல்லாரும் சேர்ந்து "பூலா!" என்று கத்துவார்கள். மழை என்று அர்த்தம். மழை பெய்யட்டும், எல்லாருக்கும் தண்ணீர் கிடைக்கட்டும் என்று வாழ்த்துவது. அத்தனை நாட்டுக்காரர்களும் எழுந்து நின்று என்னைப் பார்த்து மழை, மழை என்று கத்தினார்கள். எனக்கு அந்த எண்ணெய்க் கறை படிந்த தரைதான் கண்ணில் நின்றது. எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். விஜயா, என்னை மன்னித்துவிடு அம்மா. உன்னிடம் சரி என்று தலையாட்டியவன்தான். ஆனால் என் வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. எது யாருடையது என்பதைப் பத்திரிகையில் போட்டு எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அது திருட்டு. சேகர் சொன்னதைப் பொய் என்று யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும். அப்படி ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

ஆம்பூர்ப் பக்கம், மாதனூர் போகும் வழியில், விடியற்காலையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும் ஒரு தெரு இருக்கிறது. அங்கே இருக்கும் யாராவது இதைப் படித்தால், எதிர் வீட்டு ஜுபைதாக்காவுக்கும் கொஞ்சம் படித்துக் காட்டுங்கள். அக்கா, அது என் தண்ணீர் இல்லை. நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அது சேகர் தண்ணீர்.